இது யாருடைய திரை?

இந்த மாத வகுப்புக்கு ஒரு மலையாளப் படத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் 'சி யூ சூன்'. 2020 செப்டம்பர் 1ஆம் தேதி அமேசான் பிரைமில் வந்தது. இயக்கியவர் மகேஷ் நாராயணன். நடித்தவர்கள் ஃபஹத் ஃபாசில், ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரன். நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கதை முழுக்க ஏதோ ஒரு திரைக்குள்தான் நடக்கிறது: கைப்பேசி, மடிக்கணினி, காணொளி அழைப்பு, கண்காணிப்புக் கேமரா. இவற்றில் தெரிவது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

சி ரூசாவில் நம் கிளைப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டபோது ஒரு தம்பி பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, படம் எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சண்டை இல்லை, பாட்டு இல்லை, யாரோ ஒருவன் யாருக்கோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான். ஆனால் படம் அதற்குள் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடாவில் வேலை செய்யும் ஜிம்மிக்கு டிண்டர் வழியாக அனுவின் பழக்கம் ஏற்படுகிறது. சில நாள்களிலேயே கல்யாணப் பேச்சு. ஜிம்மியின் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. கணினிப் பாதுகாப்பு தெரிந்த உறவுக்காரன் கெவினிடம் "கொஞ்சம் விசாரிச்சுப் பாருப்பா" என்கிறார். பிறகு ஒருநாள் அனு ஒரு காணொளியைப் பதிவு செய்து வைத்துவிட்டுக் காணாமல் போகிறாள். பழி ஜிம்மி தலையில் விழுகிறது. கெவின் திரை திரையாகத் தேடிப் போகிறான். முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அனு வளைகுடாவுக்கு வந்தது ஒரு வேலையை நம்பித்தான்.

இந்த முறையில் வந்த முதல் படம் இதுவல்ல. 2014இல் 'அன்ஃப்ரெண்டட்' என்ற ஹாலிவுட் பேய்ப்படம் ஒரு பெண்ணின் கணினித் திரையிலேயே முழுக்கதையும் சொன்னது. 2018இல் அனீஷ் சாகந்தி என்ற தெலுங்கு வம்சாவளி அமெரிக்க இளைஞர் 'சர்ச்சிங்' படத்தை எடுத்தார். காணாமல் போன 16 வயது மகளை அவளுடைய மடிக்கணினிக்குள்ளேயே தேடும் அப்பாவின் கதை அது. படப்பிடிப்பு 13 நாள்தான். படத்தொகுப்புக்கோ ஓராண்டுக்கு மேல் ஆனது. காரணம், நாம் பார்க்கும் ஒவ்வொரு சன்னலையும் அம்புக்குறியின் ஒவ்வொரு அசைவையும் தனியாக வரைந்து சேர்க்க வேண்டியிருந்தது. மகேஷ் நாராயணனும் அடிப்படையில் படத்தொகுப்பாளர்தான். ஊரடங்குக் காலத்தில், கைப்பேசிக் கேமராவை வைத்து அவரால் இப்படி ஒரு படத்தை எடுக்க முடிந்ததில் எனக்கு வியப்பில்லை.

இன்னும் பின்னால் போனால் 1897இல் வந்த 'டிராகுலா' நாவலே கடிதம், நாட்குறிப்பு, தந்தி, செய்தித்தாள் துண்டு என்று சேர்த்துச் சொல்லப்பட்ட கதைதான். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பாரதத்தில் இருக்கிறது. திருதராட்டிரன் போர்க்களத்துக்குப் போகவில்லை. போனாலும் கண் தெரியாது. வியாசர் அருளால் பார்வை பெற்ற சஞ்சயன் சொல்லித்தான் அவன் எல்லாவற்றையும் அறிகிறான். கீதையின் 18 அத்தியாயங்களும் சஞ்சயன் வாய்வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. முதலில் வருவதோ திருதராட்டிரனின் கேள்வி: என் பிள்ளைகளும் பாண்டுவின் பிள்ளைகளும் என்ன செய்தார்கள்? தம்பி மக்களைப் பிரித்துத்தான் கேட்கிறான். பார்ப்பவன் யார், கேட்பவன் யார் என்பது தெரியாமல் காட்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

திரைப்படத்திலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இப்போது நாம் யாருடைய திரையைப் பார்க்கிறோம்? ஜிம்மியின் திரையில் அனு காதலி. கெவினின் திரையில் அதே அனு விசாரிக்கப்பட வேண்டிய ஓர் ஆள். புகைப்படம் ஒன்றுதான், முகம் ஒன்றுதான்.

அடுத்து, அழிக்கப்படுவதைக் கவனியுங்கள். 'சர்ச்சிங்' படத்தின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்தின் கணினி நாட்காட்டியில் அம்மா வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குறிப்பு வேறு தேதிக்கு நகர்கிறது. பிறகு அம்புக்குறி அதன்மேல் வந்து நிற்கிறது. குறிப்பு அழிந்துவிடுகிறது. அழுகை இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை, ஒரு மரணம் முடிந்துவிட்டது. இன்னோர் இடத்தில் அப்பா மகளுக்கு, உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, அம்மாவும் பெருமைப்பட்டிருப்பாள் என்று தட்டச்சு செய்கிறார். அம்மா பற்றிய பகுதியை மட்டும் அழித்துவிட்டு மீதியை அனுப்புகிறார். மகளுக்குப் போய்ச் சேர்ந்தது பாதி. மனதில் இருந்த முழுவதையும் பார்த்தது நாம் மட்டும். மேடை நாடகத்தில் இதைச் சொல்ல ஒரு நீளமான தனிமொழி வேண்டும். இங்கே அழிக்கும் பொத்தான் ஒன்று போதும். புலனத்தில் "தட்டச்சு செய்கிறார்" என்று வந்து, நின்று, மறுபடி வந்து, கடைசியில் "ம்" மட்டும் வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே!

இப்போது அனு நம்பி வந்த வேலைக்கு வருவோம். நம் கொள்ளுத்தாத்தாக்களையும் பாட்டிகளையும் இந்த நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குக் கூட்டி வந்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள் அல்லர். கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும்தான் சேர்த்தார். தெரிந்த முகம், நல்ல துணி, கையில் காசு. அதுவே விளம்பரம். அழைத்து வந்த ஆள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அதை அவர் ஊரில் சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள். 1938இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது.

கைப்பேசியில் அது நிற்கவில்லை. 2022இல் மலேசிய இளைஞர்கள் பலர் இணையத்தில் வந்த வேலை விளம்பரங்களை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய் மாட்டிக்கொண்டார்கள். போனதும் கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்களை ஏமாற்றும் மோசடி வேலையைச் செய்ய வைத்தார்கள். "மாதம் பத்தாயிரம் வெள்ளி, அனுபவம் தேவையில்லை, டிக்கெட் இலவசம்" என்று ஒரு செய்தி வந்தால் படத்தில் செய்ததையே செய்யுங்கள். இது யாருடைய திரை? எண் எந்த நாட்டு எண்? கணக்கு எப்போது தொடங்கியது? காணொளி அழைப்பு என்றதும் ஏன் நழுவுகிறார்? "வீட்டில் சொல்லாதே" என்ற வரி வந்ததா?

சட்ட விவரம் ஒன்றும் தெரிந்திருக்கட்டும். நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் முதலில் சம்மதித்தார் என்று சொல்லிக் குற்றவாளி தப்பிக்க முடியாது. "நானாத்தானே போனேன், யாருகிட்ட சொல்றது" என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டால் உடனே 997. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

படத்தில் எனக்கு உறுத்தலாக இருப்பது கெவின்தான். ஒரு பெண்ணின் கணக்குக்குள் அவளைக் கேட்காமல் நுழைகிறான். அவன் நுழையாமல் இருந்திருந்தால் உண்மை வெளிவந்திருக்காது. அதற்காக அவன் செய்தது சரியாகிவிடுமா? நம் வகுப்பில் பெண் பிள்ளைகள் "இல்லை" என்றார்கள். ஆண் பிள்ளைகளில் பாதிப்பேர் "காப்பாத்தத்தானே செஞ்சான்" என்றார்கள். தங்கை ஒருத்தி திருப்பிக் கேட்டாள்: "உங்க போன எங்ககிட்ட குடுப்பீங்களா?" ஒருவரும் கொடுக்கவில்லை. உங்கள் கிளையிலும் இதை விவாதித்துப் பாருங்கள்; நான் தங்கையின் பக்கம்.

பயிற்சி: மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, கைப்பேசியின் திரைப்பதிவு வசதியை மட்டும் வைத்து இரண்டு நிமிடக் கதை ஒன்று செய்யுங்கள். முகம் காட்டக் கூடாது, குரல் கூடாது. ஓர் இடத்திலாவது எழுதியதை அழிக்க வேண்டும். உண்மையான ஆளின் பெயரோ எண்ணோ படமோ வரக் கூடாது. முடித்ததும், கதை தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, அழித்தது என்ன, ஏன் அழித்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.