முத்து ஏன் பழுப்படிக்கிறது?

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா நெருங்கினால் தூத்துக்குடி ஃப்ளெக்ஸ் கடைகளில் தூக்கம் கிடையாது. அந்த நெருக்கடியில் புதிதாகச் சேரும் டிசைனர் வாங்கும் முதல் திட்டு பெரும்பாலும் இதுதான்: "நீலமா இருந்த கடலு, பேனர்ல ஏம்ல கத்திரிப்பூ கலர்ல வந்திருக்கு?"

மெஷின்மேல் பழி போடாதீர்கள். திரை ஒளியால் (ஆர்.ஜி.பி.) நிறம் காட்டுகிறது, அச்சு மையால் (சி.எம்.ஒய்.கே.). ஆர்.ஜி.பி.யின் பளீர் நீலத்தை சியானும் மெஜந்தாவும் சேர்ந்தாலும் எட்ட முடியாது, சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றும்போது மெஜந்தா கூடிப்போய் ஊதா தட்டுகிறது. சியான் 100 என்றால் மெஜந்தா 70-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நிற புரொஃபைலில் ஃபைல் வேண்டும் என்று அச்சகத்தாரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிவகாசி ஆஃப்செட்டுக்குப் போகும் வேலையும் உள்ளூர் ஃப்ளெக்ஸும் ஒன்றல்ல. ஃபோட்டோஷாப்பில் 'அசைன் புரொஃபைல்' நிற எண்களை அப்படியே விட்டுத் தோற்றத்தை மாற்றும். 'கன்வர்ட்' தோற்றத்தைக் கூடியவரை காத்து எண்களை மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பத்து வருட அனுபவசாலிகளிலும் உண்டு. சி.எம்.ஒய்.கே.வில் ஒருமுறை போன நிறம் திரும்ப ஆர்.ஜி.பி. ஆக்கினாலும் வராது. மூல ஃபைலைத் தனியே வைத்திருங்கள்.

உண்மையான சோதனை நகைக்கடை விளம்பரத்து முத்துதான். அதன் சாம்பல் நிழலில் சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சம அளவில் இருந்தால் பழுப்படிக்கும். ஆஃப்செட்டில் நடுச் சாம்பலுக்கு ஏறத்தாழ 50, 40, 40 வேண்டும், சியான்தான் கூடுதல். உப்பளத்துக் குவியலின் வெண்மைக்கோ மையே இல்லை. அது தாளின் வெள்ளை. மங்கலான தாளில் உப்பும் மங்கலாகத்தான் வரும்.

சின்னத் தமிழ் எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும். 1586-இல் 'அடியார் வரலாறு' என்ற தமிழ் நூல் அச்சானதாகக் கருதப்படும் புன்னைக்காயல் நமக்குப் பக்கத்து ஊர். எழுத்தைக் குழப்பாமல் அச்சடிப்பது நமக்குக் கௌரவப் பிரச்சினை! நான்கு மையும் சேர்த்த கறுப்பில் பதிவு இம்மி விலகினாலும் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் கொஞ்சம் சியான் சேர்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி 'ஓகே' வாங்குவது ஒப்புதலே அல்ல. வாடிக்கையாளர் போனில் வெளிச்சம் எப்படி வைத்திருக்கிறாரோ! அதே தாளில், அதே மெஷினில் சிறு துண்டு அடித்து, பகல் வெளிச்சத்தில் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பில் பணம் கைக்கு வரும்வரை அந்தத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள்.