"தீபாவளி முடியட்டும்" என்று தள்ளிப்போடலாமா? புராஸ்டேட் வீக்கமும் லேசர் அறுவை சிகிச்சையும்

சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் சிறுநீர்த் தொல்லையோடு வரும் முதியவர்களிடம் அறுவை சிகிச்சை தேவை என்று சொன்னால், பலரிடமிருந்தும் வரும் மறுமொழி ஒன்றுதான்: "தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்." பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பத்திற்குத் தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை நாம் அறிவோம். அந்த மறுமொழியில் நியாயம் உண்டு. சிலருக்கு அவ்வாறு காத்திருப்பதால் தீங்கும் இல்லை. ஆனால் வேறு சிலருக்கு அந்தக் காத்திருப்பே சிறுநீர்ப்பையையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கிவிடுகிறது. இவ்விரு வகையினருள் தாம் எவ்வகை என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருக்கும். அதன் நடுவே சிறுநீர்ப் புறவழி செல்கிறது. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இச்சுரப்பி வயது ஏற ஏறப் பருக்கிறது. அறுபது வயதை எட்டிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த வளர்ச்சி காணப்படும். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. எனினும் இரண்டும் ஒரே சுரப்பியில் ஒரே காலத்தில் இருக்கக்கூடும் என்பதால் பரிசோதனை தேவைப்படுகிறது.

அர்ச்சுனா நதியின் குறுக்கே உள்ள ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தை நம் வாசகர்களில் பலர் பார்த்திருப்பர். அங்கே ஷட்டர் சரியாக உயராவிட்டால் என்ன ஆகும்? வெளியேற வேண்டிய நீர் தேங்கும். அழுத்தம் கரையின்மீது ஏறும். நீர் பின்னோக்கிப் பரவும். உடலிலும் இதுவே நிகழ்கிறது. வழி குறுகியதும் சிறுநீர்ப்பையின் தசை கூடுதல் வலுவுடன் அழுத்தித் தள்ளுகிறது, அதனால் தடிக்கிறது. இரவில் மூன்று நான்கு முறை எழுவதும், அவசரமாக ஓடுவதும், நீர்த்தாரை மெலிந்து விட்டுவிட்டு வருவதும் இந்தக் கட்டத்தின் அடையாளங்கள். ஆண்டுகள் செல்லச் செல்லத் தசை தளர்ந்து விரிந்த பையாகிவிடும். பிறகு அழுத்தம் சிறுநீர் நாளங்கள் வழியே சிறுநீரகம்வரை ஏறும். இக்கட்டத்தில் வலி இராது. சிலருக்கு முன்பிருந்த அவசரம்கூடக் குறைந்துவிடும். "இப்போது பரவாயில்லை" என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்துகொண்டிருக்கும்.

பல வீடுகளில் இத்தொல்லையை முதலில் கவனிப்பவர் மனைவியே. தந்தையோ இதை மகனிடம் சொல்லத் தயங்குவார். மருமகளிடம் சொல்லக் கூசுவார். அடிக்கடி எழுந்து செல்ல வேண்டியிருக்கிறதே என்று வேலையிடத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு. நம் ஊர் வெயிலில் இது கல் உருவாவதற்கும் கிருமித்தொற்றுக்கும் இடங்கொடுக்கும். பகலில் போதுமான நீர் அருந்திவிட்டு, உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்வதே முறை. இன்னொன்று: சளிக்கும் தும்மலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும் மருந்தும், பையின் தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தே இருக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் அதை உண்டால் அன்றிரவே சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளலாம்.

நிலையை அறிய ஏழு கேள்விகள் கொண்ட மதிப்பெண் பட்டியல், ஸ்கேன், சிறுநீர் வேகச் சோதனை, இரத்தத்தில் கிரியேட்டினின், தேவையானால் பி.எஸ்.ஏ. ஆகியவை போதும். ஸ்கேனில் சுரப்பியின் அளவை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதே முக்கியமானது. மிச்சம் குறைவாகவும், சிறுநீரகம் நலமாகவும், தொல்லை மிதமாகவும் இருந்தால் மாத்திரையுடன் காத்திருக்கலாம். டாம்சுலோசின் சில நாட்களிலேயே வழியைத் தளர்த்தும். பினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை சுரப்பியைச் சுருக்கப் பல மாதங்கள் ஆகும், அவை பி.எஸ்.ஏ. அளவையும் ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டும். டாம்சுலோசின் உட்கொள்பவர் கண்புரை அறுவைக்காக மதுரைக்குச் சென்றால், கண் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்; அம்மருந்து கண்ணின் கருவிழித்திரையையும் தளர்த்துவதால் அறுவையின்போது சிக்கல் உண்டாகலாம்.

அடைப்பு மீண்டும் மீண்டும் ஏற்படுதல், திரும்பத்திரும்ப வரும் தொற்று, பையில் கல், நிற்காத இரத்தப்போக்கு, சிறுநீரகம் பழுதடையத் தொடங்குதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தீபாவளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்க்கு முதலில் டியூப் வைத்து, சிறுநீரகம் தேறிய பின்னரே அறுவை செய்யப்படும்.

இனி லேசருக்கு வருவோம். இதன் வேர் நூறாண்டுக்கும் மேல் பழையது. இந்தியாவில் இராணுவ மருத்துவப் பணியில் இருந்து ஓய்வுபெற்று லண்டன் திரும்பிய பீட்டர் பிரேயர் என்னும் ஐரிஷ் அறுவை மருத்துவர், 1900ஆம் ஆண்டில் அடிவயிற்றின் வழியே விரலைச் செலுத்தி, பருத்த பகுதியை அதன் உறையிலிருந்து முழுமையாகப் பெயர்த்தெடுத்தார். பனங்காயைச் சீவி, விரல்விட்டு நுங்கை எடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஓடு அங்கேயே இருக்கும், நுங்கு மட்டும் வரும். பின்னாளில் வயிற்றைத் திறக்காமல், சிறுநீர்ப் புறவழியாகவே கருவியைச் செலுத்தி மின்வளையத்தால் செதுக்கும் முறை பரவியது. 1990களின் இறுதியில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் குழுவினர் ஹோல்மியம் லேசரைக்கொண்டு பிரேயரின் விரல் சென்ற அதே இடைவெளியில் சென்றனர். பெயர்த்த சதையைப் பைக்குள் தள்ளி, அங்கேயே அரைத்து உறிஞ்சி எடுத்தனர். இதுவே இன்று ஹோலெப் எனப்படும் சிகிச்சை.

இந்த லேசர் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. நீரால் உடனே உறிஞ்சப்படுவதால் திசுவுக்குள் அரை மில்லிமீட்டர்கூட ஊடுருவுவதில்லை. வெட்டும்போதே இரத்தக் குழாய்களை அடைப்பதால் இரத்த இழப்பு குறைவு. உடலுக்கு ஒத்த உப்பு நீரையே அறுவையின்போது பாய்ச்சுவதால், பழைய மின்வளைய முறையில் சிலருக்கு நேர்ந்த சோடியம் குறைவும் தவிர்க்கப்படுகிறது. மிகப் பெரிய சுரப்பியையும் வயிறு திறக்காமல் அகற்றலாம். எடுத்த சதை ஆய்வகத்திற்கு அனுப்பப்படும். பச்சை ஒளி லேசர் வேறு வகை. அது சதையை ஆவியாக்கிவிடுவதால் ஆய்வுக்குச் சதை கிடைக்காது.

"கத்தியில்லை, வலியில்லை" என்னும் விளம்பரங்களை நம்பி வருவோரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நடுத்தர அளவுள்ள சுரப்பிக்குப் பழைய மின்வளைய முறையும் தேர்ந்த கையில் நல்ல பலன் தரும். ஹோலெப் கற்றுத் தேர நாளாகும் சிகிச்சை. கருவியைவிட அதைக் கையாள்பவரின் அனுபவத்தைக் கேளுங்கள். மேலும், லேசர் வழியைத் திறக்குமே தவிர, பல ஆண்டுகள் தளர்ந்துபோன பைக்கு வலுவூட்டாது. காலந்தாழ்த்தி வந்த சிலர், வழி திறந்த பின்னும் டியூபை விட முடியாமல் போவது இதனால்தான். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஐயம் இன்னும் கூடுதல்.

அறுவைக்கு முன் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வர். டியூப் ஓரிரு நாளில் எடுக்கப்படும். சில வாரங்கள் எரிச்சலும், சிரித்தாலோ இருமினாலோ சிறிது கசிவும் இருக்கலாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலோர்க்கு இது சரியாகும். உறவின்போது விந்து வெளிவராமல் பைக்குள் செல்வது பெரும்பான்மையோர்க்கு நிலைத்த மாற்றம். குழந்தை வேண்டுவோர் இதை முன்பே பேச வேண்டும். உறை உடலிலேயே இருப்பதால் புற்றுநோய்ப் பரிசோதனை பின்னரும் தொடரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்கள், தமக்குரிய சிகிச்சை முறைக்கு அனுமதி உண்டா என்பதைச் சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்க. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிறுநீரியல் துறை இயங்குகிறது.

காத்திருக்கத் தகுந்தவர் தீபாவளிக்குப் பிந்தைய ஓய்வு நாட்களைத் தேர்ந்துகொள்வது நன்று. ஏனெனில் வீடு திரும்பியபின் ஏறத்தாழ நான்கு வாரங்கள் பாரம் தூக்குவதும், பைக்கில் செல்வதும், மலச்சிக்கலால் முக்குவதும் கூடாது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் புண்ணின் பொருக்கு உதிர்ந்து சிறுநீர் சற்றுச் சிவக்கலாம். நிறைய நீர் அருந்தினால் தெளியும். கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ, காய்ச்சலும் குளிரும் கண்டாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ, விடியட்டும் என்று பாராமல் அந்த இரவிலேயே அழைத்து வாருங்கள்.