கிடை போடும் இடம்

சித்தூர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதமும் படங்களும் நேற்றுக் கிடைத்தன. பிரிட்டானி கடற்கரையில் நீங்கள் அடித்திருந்த நீலக் கூடாரம், வாசலில் வரிசையாக நான்கு ஜோடி ஈரச் செருப்பு, சின்ன காஸ் அடுப்பில் உன் அப்பா உப்புமா கிண்டுவது எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டேன். டிசம்பர் லீவுக்கு இங்கே வரும்போது காரை எடுத்துக்கொண்டு இதேபோல ஒரு வாரம் ஊர் ஊராகத் தங்கிப் போகலாமா, இங்கே கேம்பிங் இடங்கள் உண்டா என்று கேட்டிருக்கிறாய். போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் நீ அங்கே பார்த்த மாதிரி நம்பர் போட்ட இடமும் பக்கத்திலேயே குழாயும் மின்சாரமும் இங்கே இருக்கும் என்று நினைத்து வராதே. இங்கே வெளியில் தங்குவதற்கு வேறு பழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

உன் நாட்டுக் கதையை முதலில் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்களோ என்னவோ. 1936இல் பிரான்சில் தொழிலாளர்களுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. அதுவரை கடலைக் கண்ணால் பார்த்திராத எத்தனையோ பேர் சலுகை டிக்கெட்டில் ரயில் ஏறியும், சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். ஓட்டலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குக் கூடாரம்தான் வீடு. நீங்கள் போன அந்த கேம்பிங் மைதானங்களுக்குப் பின்னால் அந்த ஜனங்களும் இருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் 1830 மே மாதம் ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பினார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். வீட்டுப் பெண்கள், வேலையாட்கள், பல்லக்குத் தூக்குகிறவர்கள் என்று கிட்டத்தட்ட நூறு பேர், கூடவே கூடாரங்கள். திருப்பதி வழியாக வடக்கே ஏறிப் போய், காசி பார்த்து, 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார். பதினைந்து மாதத்துக்கு மேல் வழியிலேயே வாழ்க்கை! போன இடமெல்லாம் பார்த்ததைத் தெலுங்கில் எழுதி, சென்னையிலிருந்த நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பினார். பிள்ளைதான் அவற்றை 1838இல் புத்தகமாக்கினார். கோயில்களைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. இந்த ஊரில் தண்ணீர் எப்படி, கடை உண்டா, தங்க நிழல் உண்டா, பாதை மேடா பள்ளமா என்று ஊருக்கு ஊர் குறித்து வைத்திருக்கிறார். பின்னால் வருகிறவனுக்கு உதவும் என்ற அக்கறை இருந்தால்தான் ஒருவரால் அப்படி எழுத முடியும். நம் பயணத்துக்கு நீ ஒரு நோட்டு கொண்டு வா. அதில் நீ எழுத வேண்டியதும் இதுதான்.

ஆனால் வெளியில் படுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வீராசாமி இல்லை. ஒரு ஆட்டுக்காரர்.

உன் அப்பாவுக்கு அப்போது நான்கு வயது, எனக்குப் பத்து. வைகாசி மாதம், பள்ளிக்கூடம் லீவு. உன் தாத்தா ஒரு வாடகை வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு பாகராப்பேட்டைப் பக்கம் மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு தார்ப்பாய், நான்கு மூங்கில், ஒரு அரிக்கேன் விளக்கு. சாயங்காலம் காய்ந்து கிடந்த ஓடை ஒன்றைப் பார்த்தோம். மணல் மெத்தை மாதிரி இருந்தது. தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம், அங்கேயே மூங்கிலை நட்டுவிட்டார். அந்த வழியாக மந்தையை ஓட்டிக்கொண்டு போனவர் நின்று, “ஏட்லோ படுகோவத்து சாமி” என்றார். ஆற்றில் படுக்காதீர்கள் என்று அர்த்தம். தாத்தா வானத்தைக் காட்டினார். ஒரு மேகம் இல்லை. ஆட்டுக்காரர் மலையைக் காட்டினார். அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

நடு ராத்திரி எனக்கு முழிப்பு வந்தது பாய் நனைந்ததால். எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறது, காலடியில் தண்ணீர் ஓடுகிறது. மலை உச்சியில் எங்கேயோ கோடை மழை பெய்திருக்கிறது. பாட்டி உன் அப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். கணுக்காலில் இருந்த தண்ணீர் முட்டிக்கு வர ரொம்ப நேரம் ஆகவில்லை. கரைமேல் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அதே மனிதர். தடியை நீட்டி ஒவ்வொருவராக மேலே இழுத்துவிட்டார். ஒரு சமையல் பாத்திரமும் தாத்தாவின் செருப்பும்தான் போயின.

மீதி ராத்திரியை அவருடைய கிடையில் கழித்தோம். கிடை என்றால் உனக்குத் தெரியாது. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டு மந்தையை ராத்திரி அடைத்து வைப்பார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்காக நிலத்துக்காரர் தானியமோ பணமோ கொடுப்பார். நிலம் நிலமாக இடம் மாற்றிக்கொண்டே போவார்கள், வருஷத்தில் பாதி நாள் அவர்களுக்கு வெட்டவெளியில்தான் தூக்கம். விடிந்ததும் அந்த இடத்தை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். லேசாக ஏறிய மேட்டு நிலம், பெய்கிற தண்ணீர் தானே வடிந்துவிடும். வெட்டிப்போட்ட முள்ளால் வட்டமாக வேலி. பெரிய மரத்தடியில் இல்லாமல், மரத்திலிருந்து இருபது அடி தள்ளி. காய்ந்த கிளை ராத்திரியில் விழும் என்றார். குட்டிகள் கவிழ்த்த கூடைக்குள். நாய் ஒரு பக்கம், அவர் கட்டில் எதிர்ப்பக்கம், நடுவில் மந்தை. தாத்தா பணம் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. அந்த நிலம் தன்னுடையது இல்லை, நிலத்துக்காரரைக் கேட்டு, சாயங்காலமே சொல்லி வைத்துத் தானும் படுத்திருப்பதாகச் சொன்னார்.

அதனால் நம் பயணத்தில் ஒரே ஒரு சட்டம்தான். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும், அங்கே இருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். அதற்கு ஒரு தெலுங்கு வாக்கியம் எழுதுகிறேன், மனப்பாடம் செய்: “ஈ ராத்திரி இக்கட படுகோவச்சா?” இன்று ராத்திரி இங்கே படுக்கலாமா? வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்டு வாதாடக் கூடாது, வண்டியை எடுக்க வேண்டும்.

இனி வழியைச் சொல்கிறேன். பலமநேர்ப் பக்கம் போக வேண்டாம். அங்கே கவுண்டின்யா காடு. வெகு காலம் யானையே இல்லாதிருந்த அந்தக் காட்டுக்கு 1980களில் தமிழ்நாடு, கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன, 1990இல் அதைச் சரணாலயம் ஆக்கினார்கள். கரும்புக்கும் மாம்பழத்துக்கும் ராத்திரியில் இறங்கி வருகின்றன. காவல் இருக்கும் விவசாயிக்கே உயிர் பயம் உள்ள இடத்தில் நமக்கு என்ன கூடாரம்?

சித்தூரிலிருந்து பீலேர், பாகராப்பேட்டை, நேரபயலு வழியாகத் தலக்கோணா. 270 அடி உயரத்திலிருந்து அருவி விழுகிறது. ஆந்திராவில் அதைவிட உயரமான அருவி கிடையாது. மழைக்காலம் முடிந்த கையோடு நீ வருவதால் தண்ணீர் நன்றாக இருக்கும். அது வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவின் காடு, நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறையும் உள்ளூர் ஜனங்களின் குழுவும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் முன்கூட்டியே சொல்லித் தங்குவோம். தரை முழுக்கக் கல், முளை இறங்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல்லை வைத்து இறுக்க உனக்குச் சொல்லித் தருகிறேன். நெருப்பு மூட்டக் கூடாது. சோற்றை மூடி வை, இல்லாவிட்டால் குரங்கு கொண்டுபோய்விடும். இருட்டிய பிறகு தனியாகப் பாதையை விட்டு ஓர் அடி கூட வைக்காதே. இதே மலைகளில், 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி படிப்பாதையில் ஒரு சின்னப் பெண்ணைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்க் கொன்றுவிட்டது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, சொல்லாமல் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் உன்னைத் தூக்கிப் பிடித்துத் தங்கப் பல்லியைத் தொட வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இந்த மலைகளில் நிஜமாகவே பொன் நிறத்தில் ஒரு பல்லி இருக்கிறது. ஈரப் பாறை இடுக்கில் வாழும், ராத்திரியில்தான் வெளியே வரும். பெடோம் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1870இல் அதைப் பற்றி எழுதினார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1980களில் திருமலைப் பக்கம் மறுபடியும் கண்டார்கள். டார்ச்சை அதன் கண்ணில் அடிக்காமல் பக்கத்துப் பாறையில் அடித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காட்டில் செம்மரத்தையும் காட்டுவேன். பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். உள்ளே வைரம் பாய்ந்த கட்டை ரத்தச் சிவப்பு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்கு ஓரத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. அந்தச் சிவப்புக்கு வெளிநாட்டில் பெரிய விலை. அதை வெட்டித் தூக்கி வர ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகளைத் தரகர்கள் கூலிக்குக் கூட்டி வருவார்கள். அவர்களும் இதே காட்டில்தான் ராத்திரி படுப்பார்கள், கூடாரம் இல்லாமல், விளக்கு ஏற்ற முடியாமல், ஒளிந்து. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படை சுட்டதில் அப்படி வந்ததாகச் சொல்லப்பட்ட 20 பேர் செத்துப்போனார்கள், எல்லோரும் தமிழர்கள். மரத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும். அந்த இருபது வீடுகளையும் என்னால் மறக்க முடியவில்லை. நாம் காசு கொடுத்து ஆசையாகப் படுக்கப் போகும் தரையில் வேறு வழியில்லாமல் படுத்தவர்கள் இருந்தார்கள் என்று நீ தெரிந்துகொண்டு படு.

தலக்கோணாவுக்கு அடுத்தது திருமலை. அங்கே கூடாரம் கிடையாது. அறையோ மண்டபத்தில் பாயோ கிடைப்பதில் தங்குவோம். கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் சிலாதோரணம் என்று பாறையே வளைவாக நிற்கும் இடம் உண்டு. யாரும் செதுக்கியதில்லை, காற்றும் தண்ணீரும் அரித்த வேலை. அது எப்படி உருவானது என்று அதன் முன் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்கிறேன்.

காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை தாண்டிக் கிழக்கே போனால் நெலபட்டு. நீரில் நிற்கும் மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும் நேரம் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்லது என்று ஊர்க்காரர்களே அவற்றைக் காப்பாற்றுகிறார்கள். கிடைக்காரருக்கு ஆடு போல இவர்களுக்குக் கூழைக்கடா. அங்கிருந்து சூலூர்ப்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரிக்குக் குறுக்கே போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். சேற்றில் தலையைக் கவிழ்த்து நடக்கும் பூநாரைகளை அங்கே பார்ப்பாய். ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்குள் நாம் தங்க முடியாது, அது ராக்கெட் தளம். 1979இல் அங்கிருந்துதான் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதல் தடவை கிளம்பிக் கடலில் விழுந்தது, அடுத்த வருஷம் ஜூலை 18ஆம் தேதி ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டு சேர்த்தது. ராக்கெட் தளம் வருவதற்கு முன் அந்தத் தீவு யானாதி ஜனங்களின் வீடு. ஏரியில் கையாலேயே மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள். பழைய இடத்தை விட்டு அவர்கள் நகர வேண்டியதாயிற்று.

கடைசி இரண்டு ராத்திரி, கடலுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவரின் தோப்பு. கேட்டு வைத்துவிட்டேன். மணலில் முளை நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மூடினால் எந்தக் காற்றுக்கும் அசையாது. மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும், கூடாரத்தின் முதுகு அதற்கு, வாசல் தென்மேற்கே. அன்று கிடையிலும் வேலியின் திறப்பு காற்று வராத பக்கம்தான் இருந்தது. நான் அதை ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்துப் புரிந்துகொண்டேன்.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிடுங்கள். புயல் சின்னம் ஏதாவது இருந்தால் திட்டத்தை அப்படியே தள்ளிப் போடுவோம். 2021 நவம்பரில் பெய்த மழையில் மலைப்பாதையே அருவியாகி, திருப்பதித் தெருக்களில் கார்கள் மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தடிப்பான காலுறை இரண்டு ஜோடி, நெற்றியில் கட்டும் விளக்கு, நோட்டு, பென்சில் கொண்டு வா. பேனா ஈரத்தில் பரவிவிடும். கொசுவலை நான் தைக்கக் கொடுத்திருக்கிறேன், உன் உயரம் எத்தனை என்று உடனே எழுது. அந்தத் தெலுங்கு வாக்கியத்தை உன் அப்பாவையும் சொல்லிப் பார்க்கச் சொல். “படுகோவச்சா” என்பதில் அவன் சின்ன வயதிலேயே தடுக்குவான்.

உன் அத்தை