ஐயும் ஈயும்: ஜெர்மன் கூட்டுயிர்களை ஒலிக்கக் கற்போம்

ஜெர்மன் மொழியைப் புதிதாகக் கற்கும் நம் மாணவர்கள் பலர், இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் தடுமாறுகின்றனர். அதனை விருப்பப் பாடமாகப் பயிலும் நான், நாம் அம்மொழியை ஆங்கிலப் பழக்கத்தோடு வாசிப்பதே இதற்குக் காரணம் எனக் கருதுகிறேன். தமிழின் வழியே அணுகினால் பாதை எளிதாகும்.

ஐ, ஈ

ஆங்கில நெடுங்கணக்கில் நாம் 'ஈ', 'ஐ' என்று சொல்லும் இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். 'ஈ' முன்னும் 'ஐ' பின்னும் நின்றால் ஜெர்மனில் ஒலி 'ஐ'. இடம் மாறி நின்றால் ஒலி 'ஈ'. அதாவது, பின்னால் நிற்கும் எழுத்தின் ஆங்கிலப் பெயரே அக்கூட்டின் ஒலி.

ஒலி மாறினால் பொருளும் மாறும். 'வைன்' என்பது திராட்சை மது. 'வீன்' என்பது வியன்னா நகரம். 'லீட்' என்றால் பாடல். 'லைட்' என்றால் துயரம். சில சொற்களில் மட்டும் இவ்விதி பொருந்தாது. குடும்பம் என்னும் சொல்லின் இறுதியில் இரண்டு எழுத்துகளும் பிரிந்து, 'ஃபமீலியெ' என ஒலிக்கும்.

ஔ, ஒய்

'ஏ'யும் 'யூ'வும் சேர்ந்தால் 'ஔ'. வீடு 'ஹௌஸ்'. நம் சாலைகளில் ஓடும் 'ஆடி' கார் ஜெர்மானியர் வாயில் 'ஔடி'. 'ஈ'யும் 'யூ'வும் சேர்ந்தால் 'ஒய்'. அதனால் 'யூரோ' அவர்களுக்கு 'ஒய்ரோ'. தலைமேல் இரு புள்ளி பெற்ற 'ஏ'யோடு 'யூ' வந்தாலும் இதே ஒலிதான், வீடுகள் 'ஹொய்ஸர்'.

தமிழ் தரும் துணையும் தடையும்

அகரமும் இகரமும் கூடி ஐகாரமாகும், அகரமும் உகரமும் கூடி ஔகாரமாகும் என்னும் கருத்தைத் தொல்காப்பியம் மொழிமரபில் கூறுகிறது. ஜெர்மன் 'ஐ', 'ஔ' ஒலிகளின் அமைப்பும் இதுவே. 'ஒய்' ஒலிக்கு நம்மிடம் தனியெழுத்து இல்லை. ஆயினும் 'பொய்', 'கொய்யா' என நாள்தோறும் ஒலிக்கிறோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமிழில் சொல்லின் இடையிலும் இறுதியிலும் ஐகாரம் குறுகும். பேச்சில் 'தலை' 'தல' ஆகிவிடும். ஜெர்மனில் அவ்வாறு குறுக்கக்கூடாது. இரண்டு என்னும் 'ட்ஸ்வை'யின் இறுதி ஐகாரம் முழுமையாக ஒலிக்கவேண்டும்.

பயிற்சி

ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களில் ஆறு நமக்குப் போதும். ஐன்ஸ் (1), ட்ஸ்வை (2), ட்ரை (3) ஆகியவற்றில் 'ஐ'. ஃபீர் (4), ஸீபென் (7) ஆகியவற்றில் 'ஈ'. நொய்ன் (9) என்பதில் 'ஒய்'. நொய்க் கஞ்சியின் 'நொய்'யோடு 'ன்' சேர்த்தால் ஒன்பது! நாள்தோறும் ஐந்து முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சானது. அவர் பெயரின் முதல் உயிரும் 'ஐ' முன்னும் 'ஈ' பின்னும் நிற்கும் கூட்டுத்தான். நம் முன்னோர் அதனைச் 'சீ' என்று சரியாகவே எழுதி வைத்தனர். காதால் கேட்டதைத் தமிழ் எழுத்தில் பிடித்துவைத்த அந்த வழியே நமக்கும் ஏற்றது. பிறமொழி கற்கத் தாய்மொழியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை, நண்பர்களே. அதையும் உடன் அழைத்துச் செல்வோம்.