முயலின் குரலில் ஓர் அழைப்பு

நுழையும்முன்

விலங்கைத் தேடிச் செல்வதே வேட்டை என்பர். தேடிச் செல்லாமல், விலங்கைத் தம்மிடம் வரவழைக்கும் வேட்டுவரும் உளர். அதற்கு அவர்கள் கைக்கொள்வது விரலளவேயான ஓர் ஊதுகுழல்.

வட அமெரிக்காவில் வாழும் கயோட்டி, ஓநாயினத்தைச் சேர்ந்தது, ஓநாயினும் சிறியது. கூரிய செவியும் மூக்கும் உடையது. அடிபட்ட முயலின் அலறலைக் குழலில் எழுப்பி, இரை கிடைத்ததென்று அதனை நம்பவைக்கின்றனர் வேட்டுவர்.

குழலில் மெல்லிய நாக்கு ஒன்று உண்டு. நாகசுரத்தின் சீவாளிபோலக் காற்றுப் பட்டதும் அது அதிர்ந்து ஒலிக்கும். நாக்கு உள்ளே மூடப்பட்டிருப்பின், எவர் ஊதினும் ஏறக்குறைய ஒரே குரல்தான். தொடக்க நிலையினர்க்கு அது போதும். நாக்கு வெளியே தெரியும் குழலோ எளிதில் வசப்படாது. நுனியருகே உதட்டை அழுத்தினால் எலியின் கீச்சொலி எழும். சற்று உட்புறம் அழுத்தினால் குரல் தாழும். கன்னத்தை உப்பி ஊதுதல் பிழை. காற்று அடிவயிற்றிலிருந்து எழவேண்டும். குவித்த கைகளைத் திறந்து மூடினால் அலறல் ஓங்கியும் தேய்ந்தும் ஒலிக்கும்.

ஆயினும், கற்போர் பெரிதும் இடறுவது வேறோர் இடத்தில். அவர்கள் ஒரே சீராக ஊதுகின்றனர். உயிர் துடிக்கும் முயல் தாளம் தப்பாமலா அழும்? அக்குரலை முன்னரே செவிமடுத்து மனத்தில் கொண்டவர்க்கே குழல் பணியும்.

ஊதுவதினும் அரிது, ஊதியபின் அசையாதிருத்தல். கயோட்டி நேரே வருவதில்லை. வளைந்து சுற்றி, குரல் எழுந்த திசையிலிருந்து காற்று வீசும் பக்கத்தை அடைந்து மோப்பம் பிடிக்கும். மனித வாடை கலந்திருந்தால் மறைந்துவிடும். ஒருமுறை தப்பிய கயோட்டி அதே குரலுக்கு மீண்டும் வருவது அரிது. மனிதர் கற்குந்தோறும் விலங்கும் கற்கிறது.

ஆட்டுக்குட்டிகளைப் பறிகொடுக்கும் பண்ணையாளர்க்கு இக்குழல் ஒரு காவற்கருவி. பரிசுக்காகக் கொல்வோரும் இருந்தனர். அத்தகைய பரிசுப்போட்டிகளைக் கலிபோர்னியா 2014இல் தடைசெய்தது. பசித்து வரும் உயிரைத் துன்பக்குரலால் ஏய்த்தல் முறையோ என்னும் வினா அங்கு இன்றும் ஓயவில்லை.

கொல்வதற்கன்றியும் அழைப்பதுண்டு. கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில், 1963 முதல், ஆகஸ்டு மாத இரவுகளில் பூங்காப் பணியாளர் தம் தொண்டையாலேயே ஓநாய்போல ஊளையிடுகின்றனர். பார்வையாளர்கள் சாலையோரத்தில் மூச்சடக்கி நிற்கின்றனர். சில இரவுகளில் மறுமொழி ஏதும் வருவதில்லை. சில இரவுகளிலோ, இருளுக்கு அப்பாலிருந்து ஓர் ஊளை எழுகிறது. அதனோடு குட்டிகளின் கீச்சுக்குரலும் சேர்ந்துகொள்கிறது.