பாடம்: சினை மீனும் விதைநெல்லும்

வயிற்றுப்பாட்டுக்காக மீன் பிடிப்போரை நாம் அறிவோம். இடம்பெயர்ந்து கரையோரங்களில் தங்கிய கமக்காரக் குடும்பங்களிலும் சிலர் வலை இழுக்கப் பழகியிருக்கிறார்கள். உலகின் வேறு பாகங்களில் ஆழ்கடலுக்குச் சென்று, ஆளைவிடப் பெரிய மீனைத் தூண்டிலில் பிடிப்பதை ஒரு விளையாட்டாகவே செய்வோரும் உண்டு. அந்த விளையாட்டின் கதையில், நிலத்தையும் நீரையும் பகிர்ந்து வாழும் எமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

மீனும் அதன் வழியும்

அமெரிக்காவின் மியாமி நகருக்குக் கிழக்கே சுமார் 50 மைல் தொலைவில் பிமினி என்னும் சிறு தீவு உள்ளது. இது பஹாமாஸ் நாட்டைச் சேர்ந்தது. இதன் அருகாக 'வளைகுடா நீரோட்டம்' எனப்படும் வெப்ப நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. நீலச் செட்டைச் சூரை என்னும் பெருமீன் ஏப்ரல் முதல் ஜூன் வரையான வசந்த காலத்தில் மெக்சிக்கோ வளைகுடாவில் முட்டையிடும். பின்னர் இரை தேடி வடக்கே போகும். 700 இறாத்தலைத் தாண்டிய மீன்களும் இக்கூட்டத்தில் உண்டு. மே, ஜூன் மாதங்களில் தென்காற்று வீசும்போது, பஹாமாஸ் மேட்டுக்கடலின் விளிம்பை ஒட்டி இவை கூட்டங்கூட்டமாகச் செல்வதைப் படகிலிருந்தே காணலாம்.

விளையாட்டும் விதிகளும்

1935 இல் ஏர்னஸ்ட் ஹெமிங்வே என்ற எழுத்தாளர் பிமினிக்கு வந்தார். அதுவரை அங்கே தூண்டிலில் சிக்கிய பெருஞ் சூரைகளைப் படகில் ஏற்றுமுன்னரே சுறாக்கள் கடித்துக் குதறிவிடும். அவர் சுறா தொடாத முழுமீனைக் கரைசேர்த்தார். 1939 இல் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் உருவானது. மீனோடு போராடுபவரின் தூண்டிற் கம்பை வேறெவரும் தொடக்கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. விதி இல்லாவிட்டால் விளையாட்டும் இல்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மீன் குறைந்தது எப்படி?

1960களில் பெரிய சுற்றுவலைக் கப்பல்கள், தகரத்தில் அடைப்பதற்காக இளஞ் சூரைகளை ஏராளமாக அள்ளின. 1970களில் இம்மீனை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கியதும் விலை பன்மடங்கு ஏறியது. முட்டையிடும் இடமான மெக்சிக்கோ வளைகுடாவிலும் நீள்தூண்டில் கப்பல்கள் சினை மீன்களைப் பிடித்தன. ஒரு பக்கம் நாற்றைப் பிடுங்கி, மறுபக்கம் விதைநெல்லையும் குற்றித் தின்றது போலாயிற்று. இம்மீன் முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். எனவே ஒரு முறை குறைந்தால் விரைவில் பெருகாது.

அடையாளத் துண்டு தந்த அறிவு

1954 இல் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் மேதர் என்ற விஞ்ஞானி ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பிடித்த மீனின் முதுகில் இலக்கமிட்ட சிறு துண்டொன்றைக் குத்தி, மீனைக் கடலில் விட்டுவிட வேண்டும். பின்னர் அதைப் பிடிப்பவர் அந்த இலக்கத்தை அறிவிக்க வேண்டும். விளையாட்டாகப் பிடித்தவர்களும் தொழிலாகப் பிடித்தவர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில், பஹாமாஸில் துண்டு குத்தி விட்ட மீன்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து நோர்வே நாட்டருகே பிடிபட்டன. ஒரு நாடு காக்கும் மீனை இன்னொரு நாடு அழிக்கக்கூடும் என்பது இதனால் தெளிவாகியது.

விடும் மீன் பிழைக்கவும் வேண்டும். சூரை நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் பூவில் நீர் பாய்ந்து மூச்சு விடமுடியும். ஆகவே களைத்த மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே படகை மெல்ல முன்னே செலுத்தி, அது தெளிந்த பின்னரே விடுவார்கள். முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் பெரும்பாலும் வாயோரத்தில் கொளுவும். வயிற்றைக் கிழிப்பது குறைவு.

விதியும் பொறுமையும்

அத்திலாந்திக் சூரைகளைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம் 1966 இல் கைச்சாத்தானது. 1982 முதல் மேற்கு அத்திலாந்திக்கில் பிடிக்கும் அளவு மட்டுப்படுத்தப்பட்டது. மெக்சிக்கோ வளைகுடாவில் இம்மீனைக் குறிவைத்துப் பிடிப்பதும் தடையாயிற்று. 2021 இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இம்மீனை ஆபத்துப் பட்டியலிலிருந்து கீழிறக்கியது. கிழக்குப் பக்கக் கூட்டம் பெருகியதே அதற்குக் காரணம். மெக்சிக்கோ வளைகுடாவில் முட்டையிடும் கூட்டமோ 1970களில் இருந்ததில் பாதிக்கும் குறைவு என அதே ஒன்றியம் கூறியது. அழிக்கச் சில ஆண்டுகள் போதும். மீட்க ஒரு தலைமுறை போதாமலும் போகலாம்.

எமக்குரிய பாடம்

பறவைக் கூட்டைக் கண்டால் தாய்ப்பறவையைப் பிடிக்காமல் விட்டுவிடும்படி உபாகமம் 22ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நாளைக்குப் பெருக வேண்டியதை இன்றே தின்றுவிடாதே என்பது அதன் பொருள். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு விதைநெல்லைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை எமது தாய்மார் நன்கு அறிவார்கள். ஆதலால் ஒரு வீடு தனியே இச்சுமையைத் தாங்க முடியாது. ஊரவரும் வந்து குடியேறியவர்களும் ஒரே குளத்தையும் கிணற்றையும் களப்பையும் பயன்படுத்தும் இடங்களில், விதியை இரு பகுதியாரும் கூடியிருந்தே வகுக்க வேண்டும். ஒரு பகுதியார் மட்டும் காத்தால் அது நிலைக்காது.

குழுவாகச் சிந்திக்க

1. எமது குளத்திலும் களப்பிலும் மீன்கள் எந்த மாதங்களில் முட்டையிடுகின்றன? இதை அறிந்த முதியவர் யார்?

2. அக்காலத்தில் எந்த வலையை, எத்தனை நாட்களுக்கு நிறுத்தி வைக்கலாம்? அந்நாட்களில் மீனையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மற்றவர்கள் எவ்வாறு உதவலாம்?

3. எமது குடும்பங்களின் விதைநெல்லைப் பொதுவில் சேமித்து வைக்க ஓர் இடம் உண்டா? இல்லையெனில், அடுத்த போகத்துக்கு முன் அதை யார் பொறுப்பெடுப்பது?