உறைவித்த கருமுட்டையும் நஸபும்



சிங்கப்பூரில் 2023-ம் ஆண்டு ஜூலை முதல், 21 வயதிலிருந்து 37 வயது வரையுள்ள பெண்கள், வைத்தியக் காரணம் இல்லாமலே தங்கள் கருமுட்டைகளை எடுத்து உறைவித்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளித்துள்ளது. படிப்பாலும் உத்தியோகத்தாலும் நிக்காஹ் தாமதப்படும் இக்காலத்தில், நம் வீட்டுப் பெண்மக்கள் இதைப்பற்றி வினவினால் தக்க விடை கூற நாம் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் வைத்திய முறையைக் கவனிப்போம். எடுத்த முட்டைகளை விரைவாகக் குளிரச் செய்து, திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். வேண்டும்போது உறைநீக்கி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரேயொரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் செலுத்துவதே வழக்கம். உண்டாகும் கருவைச் சில நாட்களில் கருப்பையில் வைக்கிறார்கள். உறைநீக்கும்போது சில முட்டைகள் வீணாகும்; எஞ்சியவை யாவும் கருவாகா; கருக்கள் யாவும் குழந்தையாகா. இதை நம்பி நிக்காஹைத் தள்ளிப்போடுவது நஷ்டக் கணக்கேயாகும்.

இனி முக்கிய வினா: அம்முட்டையுடன் சேர்வது யாருடைய விந்து? சிங்கப்பூர்ச் சட்டப்படி, மணமான தம்பதிகளே உறைவித்த முட்டையைப் பிள்ளைப்பேற்றுக்குப் பயன்படுத்தலாம். ஆயினும் கணவன் சம்மதித்தால், பிறர் தானமளித்த விந்தைச் சேர்ப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஷரீஅத் தடுக்கிறது. 1986-ல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஏழு முறைகளை ஆராய்ந்து, ஐந்தை ஹராமென விலக்கிற்று. மனைவியின் முட்டையோடு அந்நியனின் விந்தைச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று. கணவன் மனைவி இருவருடையதையே சேர்த்து, அம்மனைவியின் கருப்பையிலேயே வைப்பது, தேவையேற்படின், தக்க எச்சரிக்கையுடன் ஆகும் என்றது.

காரணம் யாது? நஸப். வாரிசுப் பங்கு, நிக்காஹில் வலீ, மஹ்ரம் உறவு ஆகியவை தகப்பன் யார் என்பதையொட்டியே அமைகின்றன. பிறர் முதலைத் தம் பேரேட்டில் சொந்த முதலென எழுதும் வியாபாரியை நாம் ஒப்புவோமா? கணவன் கையொப்பமிட்டாலும் பிறன் விந்து அவனுடையதாகாது. ஆனால் அவ்வாறு பிறந்த குழந்தையின்மீது யாதொரு குற்றமுமில்லை. அதை இழித்துப் பேசுதல் நமக்குத் தகாது.

குறை தம்மிடம் இருக்குமோ என்ற வெட்கத்தால் பரிசோதனைக்கே செல்லாத ஆடவர் உண்டு. முட்டைக்கு ஓர் அணு போதுமாதலால், அணுக்கள் மிகக் குறைந்தவரும் தகப்பனாக வழியுண்டு. விந்தில் அணுவே காணாத சிலருக்கும், விதையிலிருந்து சிறு அறுவையால் எடுக்க முடிகிறது. ஆகவே அந்நிய விந்தைப்பற்றிய பேச்சு எழுமுன் கணவன் வைத்தியரிடம் செல்லட்டும்.

தலாக்காலோ மரணத்தாலோ நிக்காஹ் முடிவுற்றபின், சேமித்து வைத்த கணவனின் விந்தையும் பயன்படுத்தலாகாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோர் முடிவு. எனவே சம்மதப் பத்திரத்தை வரிவரியாக வாசித்து, ஐயமுள்ளதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடுவோம். பிள்ளைப்பேறு அருளுபவன் அல்லாஹ் ஒருவனே. அதை நாடும் வழியும் அவன் பொருந்திய வழியாக இருக்கட்டும்.